ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே

மாறையர் மலையேறி வந்து சேர்ந்தபோது உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். எதிரே கிடந்த பலகையைக் கண்ணால் காட்டினார்.

மாறையர் உட்காரவில்லை.

"ஒரு கேள்வி கேட்க வந்தேன், அம்மை."

"மூச்சு வாங்குகிறது உங்களுக்கு. முதலில் உட்காருங்கள்."

உலகம்மையைவிட மாறையருக்கு வயது அதிகம். தலை முழுக்க நரைத்த பிறகுதான் அவர் இங்கே மாணவராக வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு கொன்றை நாட்டின் தூதர். நுரையாற்றங்கரையில் உள்ள ஐந்து நாடுகளிலும் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐந்நாட்டு ஒப்பந்தத்தை எழுதியவர் அவர்தான்.

அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் ஐந்து நாடுகளும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. மேலே இருப்பவர்கள் தண்ணீரை மறிப்பார்கள். கீழே இருப்பவர்கள் உப்பை மறிப்பார்கள். ஒவ்வோர் அறுவடையும் ஒரு சண்டையில் போய் முடியும். மாறையர்தான் ஊர் ஊராக அலைந்து, கெஞ்சி, சில இடங்களில் ஏச்சும் வாங்கி, ஐந்து தலைவர்களையும் ஒரே பந்தலின் கீழ் உட்கார வைத்தார். ஐந்து நாடுகளுக்கும் பொதுவாக ஒரு மன்றம் வைப்பது என்று முடிவாயிற்று.

எது மன்றத்துக்கு, எது நாட்டுக்கு என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆறும் நெடுஞ்சாலையும் எடைக்கல்லும் உப்பு வரியும் மன்றத்துக்கு. கரை, ஊர், களஞ்சியம், கோயில், சுடுகாடு எல்லாம் அந்தந்த நாட்டுக்கு. இரண்டு பேரும் கை வைக்கக்கூடிய காரியங்களும் சில இருந்தன. அவற்றில் மன்றம் இறங்கிவிட்டால் நாடு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நாடு தானே செய்துகொள்ளக்கூடியதை மன்றம் தொடக் கூடாது. நாடுகள் கொடுக்காத எந்த அதிகாரமும் மன்றத்துக்குக் கிடையாது. இந்தக் கடைசி வரியை எழுதிய அன்று ஐந்து தலைவர்களும் மாறையரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. மாறையர் பதவியை விட்டார். இந்த மலைக்கு வந்து சில காலம் உலகம்மையிடம் இருந்தார். பிறகு ஊருக்குத் திரும்பி, தன் வீட்டில் நிம்மதியாக இருந்தார்.

இப்போது நிம்மதி இழந்து வந்து நிற்கிறார்.

"படகு விஷயமாகத்தானே?" என்று கேட்டார் உலகம்மை.

"ஆமாம். உங்களுக்கும் தெரிந்துவிட்டதா?"

"ஆறு இந்த மலையிலிருந்துதானே இறங்குகிறது. ஆனாலும் நீங்கள் சொல்லுங்கள்."

மாறையர் சொன்னார்.

மழைக்காலத்தில் கழிமுகத்தில் கடல் ஏறி ஓர் ஊரையே விழுங்கிவிட்டது. அது ஐந்து நாடுகளுக்கும் வெளியே இருந்த ஊர். தப்பியவர்கள் ஒரு பெரிய படகில் ஏறி, நுரையாற்றை எதிர்த்து மேலே வந்தார்கள். முதல் நாட்டின் துறையில் கயிறு கட்டினார்கள். துறைக்காவலன் வந்து கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டான்.

"நீங்க ஆத்துல இருக்கீங்க. ஆறு மன்றத்துது. மன்றத்தைக் கேளுங்க."

மன்றத்தின் ரோந்துப் படகு பக்கத்தில் வந்தது. அதில் இருந்தவர் தன்மையாகத்தான் பேசினார்.

"ஆற்றில் நீங்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். உங்களை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கரையேறுவதுதான் நாட்டின் விஷயம். அதில் நாங்கள் தலையிட முடியாது."

அடுத்த துறையிலும் இதே பேச்சு. அதற்கடுத்த துறையிலும் இதே.

கொன்றை நாட்டுத் துறைக்குப் படகு வந்தபோது மாறையர் அங்கே இருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்திருந்தார். படகின் முன்பக்கத்தில் ஒரு பெண் பானையால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வலம்புரி என்று பின்னாலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் நிமிர்ந்து மாறையரைப் பார்த்தாள்.

"ஐயா, பெரியவங்களா தெரியிறீங்க. படகுல தண்ணி ஏறுது. எறங்க ஓர் எடம் சொல்லுங்க."

"மன்றத்தில் பேசுகிறேன், அம்மா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

"மன்றம் எங்க இருக்கு?"

"மேலே. போய் வரவே இரண்டு நாள் ஆகும்."

"நீங்க நிக்கிற எடம் யாருது?"

"கொன்றை நாட்டுடையது."

"நீங்க எந்த நாடு?"

"நானும் கொன்றை நாடுதான்."

அவள் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி தண்ணீர் இறைக்கத் தொடங்கினாள்.

மாறையர் வண்டி பூட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனார். பேசினார். கெஞ்சினார். மன்றத் தலைவர் ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொல்லி, முழுவதையும் உரக்கப் படிக்க வைத்தார். ஆற்றில் தத்தளிக்கிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"எங்களுக்குக் கொடுக்காத அதிகாரத்தை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது? இதை எழுதியவரே நீங்கள்தானே, மாறையரே?" என்றார் அவர். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கொன்றை நாட்டின் புதிய தூதர் எழுந்தார். "இன்றைக்கு ஒரு படகுக்காக எங்கள் துறையில் மன்றம் கால் வைத்தால், நாளைக்கு எங்கள் களஞ்சியத்திலும் வைக்கும். எங்கள் கரையில் யார் ஏறுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லக் கூடாது." மற்ற நான்கு தூதர்களும் தலையாட்டினார்கள்.

"அப்படியானால் நாமே ஏற்றலாமே? நம் கரை, நம் துறை. யாரைக் கேட்க வேண்டும்?" என்றார் மாறையர்.

"நாம் மட்டும் ஏற்றினால் அடுத்த படகும் நம் துறைக்குத்தான் வரும். ஆறு பொதுவாக இருக்கும்போது சுமை மட்டும் நமக்கா?"

மாறையர் திரும்பி வந்தபோது துறையில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படகு நடு ஆற்றில் உடைந்துவிட்டது என்றார்கள். கரை ஒதுங்கிய பிணங்களை நாடு எடுத்து எரித்தது. சுடுகாடு நாட்டின் பொறுப்பு. நடு ஆற்றில் மிதந்தவற்றை மன்றம் எடுத்தது. ஆற்றைச் சுத்தமாக வைப்பது மன்றத்தின் பொறுப்பு. அந்த வேலையில் மட்டும் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

ஐந்து நாடுகளும் துக்கம் காத்தன. இனி இப்படி நடக்கவே கூடாது என்றன. ஒப்பந்தத்தில் ஒரு புதிய விதியைச் சேர்த்து எழுதும் வேலையை மாறையரிடமே கொடுத்தன.

சொல்லி முடித்துவிட்டு மாறையர் பலகையில் உட்கார்ந்தார்.

"இதுதான் என் கேள்வி, அம்மை. அந்த அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது? மன்றத்திடம் கொடுத்தால் நாடுகள் ஒத்துக்கொள்ளாது. நாட்டிடம் கொடுத்தால் ஒவ்வொன்றும் அடுத்ததைக் கைகாட்டும். எந்த இடத்தில் வைத்தால் அது வேலை செய்யும்?"

உலகம்மை முற்றிய தண்டுகளைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கினார்.

"உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதை எழுதுங்கள்."

"தவறாகப் போய்விட்டால்?"

"எழுதுங்கள். அது நடப்புக்கு வந்து ஒரு மழைக்காலம் போகட்டும். அதற்குப் பிறகு வாருங்கள். வரும்போது சாலை வழியாக வராதீர்கள். ஆற்றை ஒட்டியே நடந்து வாருங்கள்."

"இதுதான் பதிலா?"

"சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கீரை வெந்துவிடும்."

மாறையர் சாப்பிட்டார். மனத்தாங்கலோடுதான் மலையை விட்டு இறங்கினார்.

ஊருக்கு வந்து பல நாள் உட்கார்ந்து யோசித்தார். ஒருநாள் விடியற்காலையில் அது பிடிபட்டது. எழுந்து உட்கார்ந்து எழுதினார்: ஆற்றில் தத்தளிப்பவர்களை யார் முதலில் காண்கிறாரோ அவரே அவர்களைக் கரையேற்ற வேண்டும். கண்டது மன்றமானாலும் சரி, நாடானாலும் சரி. அவர்களுக்குச் சோறும் இடமும் கண்டவர் பொறுப்பு. கண்டும் காணாமல் விட்டவர் தண்டனைக்கு உரியவர்.

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். இதில் யாரும் யாரையும் கைகாட்ட முடியாது. மன்றமா நாடா என்ற பேச்சே இல்லை. கண் இருப்பவன் பொறுப்பு. அவருக்கு அழுகை வந்தது. வலம்புரிக்கு ஒரு பதில் சொல்லிவிட்டதுபோல இருந்தது.

மன்றத்தில் படித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. அன்று விருந்து நடந்தது. கொன்றை நாட்டின் தூதர் மாறையரின் இலையில் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார்.

மழைக்காலம் வந்து போயிற்று. அந்த வருஷம் ஆற்றில் படகு எதுவும் வரவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு பிணம்கூட ஒதுங்கவில்லை. கரை அரிப்பைத் தடுக்க ஐந்து நாடுகளும் ஆற்றோரமாக ஏதோ வேலை செய்ததாகவும் சொன்னார்கள். நல்ல காரியம் என்று மாறையர் நினைத்துக்கொண்டார். கைத்தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். உலகம்மை சொன்னபடியே சாலையை விட்டு விலகி, ஆற்றை நோக்கி நடந்தார்.

ஆறு தெரியவில்லை.

துறை இருந்த இடத்தில் மூங்கில் படல் கட்டியிருந்தார்கள். படலின் மேல் அடர்த்தியாக முள் வேய்ந்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அது போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

காவல் குடிசையில் ஒரு காவலன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். குடிசையில் ஆற்றுப் பக்கம் இருந்த ஜன்னலை மண் வைத்துப் பூசியிருந்தார்கள்.

"ஜன்னலை ஏன்ப்பா அடைத்தீர்கள்?"

"சாரல் அடிக்குதுங்க."

"ஆற்றைப் பார்க்கத்தானே உன்னை இங்கே வைத்திருக்கிறது?"

காவலன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பார்த்தா நம்ம தலையிலதான வந்து விடியும்? முன்னயாவது பார்த்துட்டு மன்றத்தைக் கைகாட்டலாம். இப்ப புதுசா ஒரு விதி போட்டிருக்காங்களாம், பார்த்தவன்தான் சோறு போடணும்னு. எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான். அதான் பார்க்காம இருந்துக்கன்னு உத்தரவு. வேலி எதுக்குன்னு கேட்டா கரை அரிப்புக்குன்னு சொல்லணும்."

"மன்றத்தின் ரோந்துப் படகு?"

"அதையெல்லாம் கரையில ஏத்திக் கவுத்து வச்சிருக்காங்க. பழுது பார்க்கறாங்களாம்."

மாறையர் வேலியை ஒட்டியே நடந்தார். படலில் ஆள் நுழைகிற மாதிரி ஓர் இடுக்கு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனார். வெகுதூரம் போன பிறகு மண் சரிந்த ஓர் இடம் கிடைத்தது. முள் கீறக் கீற உடம்பை நுழைத்து அந்தப் பக்கம் இறங்கினார்.

வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒடுக்கமாகச் சேறு கிடந்தது. ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம். அவ்வளவுதான். அந்தச் சேற்றில் கால் புதையப் புதைய நடந்தார்.

அடுத்த நாட்டின் எல்லையைத் தாண்டும்போது அதைப் பார்த்தார். சேற்றில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. அதில் சாம்பல், வண்டலோடு கலந்து இறுகிக் கிடந்தது. பக்கத்தில் மூங்கில் குச்சிகளை ஊன்றி, மேலே பாய் போட்டு மறைப்புக் கட்டியிருந்த தடம். சிலர் இங்கே சில நாள் குடியிருந்திருக்கிறார்கள். சமைத்திருக்கிறார்கள். அவர்கள் மன்றத்தின் ஆற்றிலும் இல்லை, நாட்டின் கரையிலும் இல்லை.

வேலி முள்ளில் துணிக் கிழிசல்கள் தொங்கின. சில உயரத்தில். சில மிகத் தாழ்வாக. ஓரிடத்தில் படலைக் கையால் பிய்க்கப் பார்த்திருந்தார்கள். மூங்கில் பத்தைகளில் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. மாறையர் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. வெள்ளம் ஏறி வந்து வடிந்த கோடு, வேலியில் அவர் தலைக்கு மேலே இருந்தது.

யாரும் அவர்களைக் காணவில்லை. அதனால் யாரும் குற்றவாளி இல்லை. விதிப்படி பார்த்தால் முதலில் கண்டவர் மாறையர்தான்.

அந்த அடுப்பின் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார். சத்தம் போட்டு யாரையாவது கூப்பிடலாமா என்று தோன்றியது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

உலகம்மையின் குடிலை அடைந்தபோது அவர் வேட்டி முழுக்கச் சேறு. கைகளில் முள் கீறிய ரத்தம். உலகம்மை தண்ணீர் கொடுத்தார்.

"என்னை ஏன் எழுதச் சொன்னீர்கள்?" என்றார் மாறையர். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கோபத்தோடு கீழே வைத்தார்.

உலகம்மை உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தார். "வாருங்கள்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மலையடிவாரம் வரை வேலி வந்திருந்தது. உலகம்மை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படலின் கட்டுகளை அறுக்க ஆரம்பித்தார். ஒரு கட்டு அறுந்தது. இரண்டாவது கட்டில் அரிவாளை வைத்தபோதே சத்தம் கேட்டது.

"யாரும்மா அது? வேலியில கை வைக்கறது யாரு?"

நாட்டின் காவலன் தடியோடு ஓடி வந்தான். அவன் வந்து சேர்வதற்குள் ஆற்றுப் பக்கத்திலிருந்து மன்றத்தின் காவலனும் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"அரிவாளைக் கீழ போடுங்க. நடங்க நாட்டுக் காவலுக்கு."

"யோவ், நீ யாரு கூட்டிட்டுப் போக? வேலி இருக்கறது ஆத்து எல்லையில. இது மன்றத்துக் குத்தம்."

"வேலிக்காலு ஊனியிருக்கறது எங்க கரையில. ஊனுனது நாங்க. மூங்கில் எங்களுது."

"மூங்கிலு உன்னுதா இருக்கட்டும். இந்த முள்ளு யாரு கொடுத்தது? மன்றம் கொடுத்தது. வேணும்னா உங்க தலைவரைக் கேளு."

"எங்க தலைவரை ஏன்யா இழுக்கற? முதல்ல பார்த்தவன் நான்."

"நான் அங்க இருந்தே பார்த்துட்டேன். அருவாச் சத்தம் கேட்டதுமே பார்த்துட்டேன்."

உலகம்மை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். மாறையரும் பக்கத்தில் உட்கார்ந்தார். காவலர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, அவரவர் மேலாளுக்குச் சொல்லியனுப்பினார்கள். உலகம்மையை யார் கொண்டுபோவது என்பதில் வாக்குவாதம் நிற்கவில்லை.

மாறையர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சேறு காய்ந்து அவர் கால்களில் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"அம்மை" என்றார். இப்போது கோபம் இல்லை. "எப்படிப் பிரித்து எழுதினாலும் நடுவில் ஓர் இடம் விட்டுப்போகிறது. ஆள் அங்கே போய்ச் சாகிறான். அந்த இடத்தை எப்படி அடைப்பது?"

"முதல் ஒப்பந்தம் எழுதும்போது எதற்கு அதிகமாகச் சண்டை போட்டார்கள்?"

"உப்பு வரிக்கு. அதற்கடுத்து மதகுகளுக்கு. எடைக்கல் யாருடையது என்பதற்குக்கூட ஒருவர் பந்தலை விட்டு எழுந்து போனார். பின்னாலேயே போய்க் காலைப் பிடித்துக் கூட்டி வந்தேன்."

"வெளியார் யாராவது உயிருக்குத் தப்பி ஆற்றில் வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லையா?"

மாறையர் நெற்றியைத் தேய்த்தார்.

"கேட்டோம். முடிக்கிற சமயத்தில் நான்தான் கேட்டேன். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒரு தலைவர்."

"மற்ற நான்கு பேரும்?"

"சரி என்றார்கள்."

"உடனேயா?"

"உடனே. ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அதுவரை எதற்குமே அப்படி நடக்கவில்லை. எனக்குக்கூட அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது..."

மாறையர் பாதியில் நிறுத்திவிட்டார்.

உலகம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"விட்டுப்போயிற்று என்கிறீர்களே, மாறையரே. ஐந்து பேரும் ஒரே மனதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது ஒன்றுதான்."